பெரியக்காவின் 0.4

எங்கள் பக்கத்தில் வயல் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். வவுணதீவில் அப்பாவுக்கு இருந்த ஒரே வயலை, அக்காமார் இருவருக்கும் எனக்கும் சீதனமாக மூன்றாகப் பிரித்து வரம்பு போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் வருவது ஒரே வாய்க்காலால். அது மூன்றாகப் பிரியும் இடத்தில் குறுக்கே ஒரு பலகை நின்றது. அதில் ஒரே அகலத்தில் மூன்று வாய் வெட்டியிருந்தது. ஒரு வாய் பெரியக்காவுக்கு, ஒன்று சின்னக்காவுக்கு, மற்றது எனக்கு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மூன்றில் ஒன்று என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் ஏறாதது அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஏறியது. தண்ணீர் வரும், மூன்றாகப் போகும். யாருக்குமில்லாத மிச்சம் என்று ஒரு சொட்டும் நிற்காது.

போன கோடையில், சிறுபோக வேளாண்மைக்குக் குளத்துத் தண்ணீர் குறைந்துவிட்டது. மூன்று வாயாலும் ஒன்றாக விட்டால் நூலாக ஓடி, பாதி வழியிலேயே மண்ணில் சுவறிப் போனது. பலகையைக் கழற்றிவிட்டு, முழுத் தண்ணீரையும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்போம் என்றாள் பெரியக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபோனில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் பக்கத்தைத் திறந்தாள்.

“பாருகா, கச்சேரிக் கிளாக்கர் வந்து குந்திட்டா,” என்றாள் சின்னக்கா என்னிடம். எங்கள் ஊரில் இளையவளையும் ‘கா’ போட்டுத்தான் பேசுவார்கள். இவள் வாயைத் திறந்தால் நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்பேன்.

“சிரிக்காம இரி. ஒரு நாள் தண்ணி எண்டா ஒண்டு. உனக்கு 0.3, தங்கச்சிக்கு 0.3, எனக்கு 0.4. கூட்டிப் பாருங்க, ஒண்டு வருதா?”

ஒன்று வந்தது.

“உனக்கு மட்டும் ஏன்கா நாலு?” என்று கேட்டேன்.

“ஒண்ட மூண்டாப் பிரிச்சா முடியாது புள்ள. மூண்டு, மூண்டு, மூண்டு எண்டு போய்க்கிட்டே இருக்கும். மிச்சத்தக் கடைசியா இருக்கிற ஆளுக்கு மெசின் சேத்துப் போடும். என்ட பேர் கடைசியில கிடந்தது, நான் என்ன செய்ய? இராத்தண்ணிய நான் பாக்கிறன். யானை வாற வயல்வட்டை. நீங்க ரெண்டு பேரும் படுங்க.”

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். புள்ளிக்குப் பின்னால் நின்ற இலக்கங்கள் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தன. உன்னைவிட இரண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்டக் கூட எடுக்கிறேன் என்று வாயால் சொல்லியிருந்தால் அப்போதே விளங்கியிருக்கும். யானைக்குப் பயப்படாமல் எங்களுக்காக விழித்திருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பின்னேரத்தில் சோறும் மீன் கறியும் தூக்குச் சட்டியில் போட்டு அவளுடைய காவல் குடிலுக்குக் கொடுத்துவிடுவேன். காலையில் சட்டி இரண்டு கத்தரிக்காயுடனோ ஒரு பிடி கீரையுடனோ திரும்பி வரும். வெறுஞ்சட்டியை எங்களில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

கதிர் வெளியே வருமுன் நெல் குடலை தள்ளும் நேரம் வந்தது. தண்ணீர் அதிகம் கேட்கும் நேரம். என் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. வரம்பைத் தாண்டப் போகும்போது என் முறை முடிந்துவிடும். பெரியக்காவிடம் சொன்னேன்.

“உன்ட வரம்பில நண்டுப் பொந்து கிடக்கும். அடைச்சுப் பாருகா.”

குனிந்து குனிந்து ஒவ்வொரு பொந்தாகச் சேறு வைத்து அடைத்தேன். அவள் தன் வரம்பில் நின்று, “அந்தா, அதுக்குப் பக்கத்தில இன்னொண்டு,” என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

என் இடுப்பு வலியைப் பார்த்துச் சின்னக்கா சொன்னாள்: “கடைசி ஆளுக்குக் கூட்டிப் போடுதாமே, அந்த மெசினுக்கும் பெரியக்கா எண்டாப் பயம் போல.”

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோனை எடுத்தேன். நானே நோண்டி நோண்டிப் பழகியவள்தான். மூன்று கட்டத்திலும் ஒன்றை மூன்றால் பிரிக்கச் சொல்லி, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் மட்டும் காட்டச் சொன்னேன். 0.3, 0.3, 0.3. கீழே கூட்டினால் ஒன்று. மிச்சத்தை அது கண்ணுக்குத் தெரியாமல் மூவரின் கட்டத்துக்குள்ளும் சமமாக வைத்திருந்தது. கடைசியில் என் பேரைப் போட்டேன், சின்னக்காவின் பேரைப் போட்டேன், பெரியக்காவின் பேரைப் போட்டேன். நாலு வரவேயில்லை. அந்த நாலை விரலால் அடித்தால்தான் வரும்.

ஃபோனைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடுவதுபோல் மடியைத் தடவினாள்.

“என்ட வயல் பட்டுப் போயிரும் எண்டு பயந்திட்டன்,” என்றாள்.

“எனக்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டாத் தந்திருப்பியா?”

“தந்திருப்பன்கா.”

அது சத்தியம். இருக்கிறதில் பாதியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவளுக்கு அது தெரியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரிந்துகொண்டே செய்தாளோ என்று நினைத்தால் அதைவிடத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து ஆளுக்கு எட்டு மணித்தியாலம் என்று ஆனது. புள்ளி இல்லை. கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் எட்டியது, ஆனால் காலம் தப்பிவிட்டது. அந்தப் பாத்தியில் கதிர் மணி பிடிக்காமல் வெளுத்துச் சப்பியாக நின்றது. அறுத்து மாட்டுக்குப் போட்டேன்.

அறுவடை வெட்டு முடிந்து, பெரியக்கா புது அரிசியில் பொங்கித் தன் தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டாள். நல்ல பொங்கல். பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள். நான் சட்டியைக் கழுவித் துடைத்து மூடினேன். கொண்டுபோய்க் கொடுக்கச் சின்னக்கா வந்தாள். வாங்கியதும் பாரம் பார்த்தாள்.

“என்னகா, ஒண்டும் வைக்கல்லியா?”

“இல்ல.”

“ஒரு பச்சமிளகாயாவது போடு புள்ள.”

நான் அசையவில்லை. அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியை அழுத்தி மூடிக்கொண்டு, படலையைத் திறந்து போனாள்.