கொண்டை ஊசி வளைவில் சூரியன்

காலையில் செல்போனில் ஒரு செய்தி. சூரியனின் மேல்வெளி அத்தனை சூடாக இருப்பதற்குக் காந்த அலைகள் காரணமாக இருக்கலாம் என்று மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு டீசல் வாடை அடித்தது. சிரிக்காதீர்கள். எனக்குச் சூரியன் என்றால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பழைய பஸ்தான்.

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் இயற்பியல் வாத்தியார் நான். திங்கள் காலை அதே பஸ்ஸில் செலினும் வருவாள். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸ். பாதி மலையில் ஒரு வளைவு வந்ததும், யாரும் சொல்லாமலே, பஸ் முழுக்க ஸ்வெட்டர் மாட்டிக்கொள்ளும். அந்தச் சலசலப்பில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். பேச்சு குளிரைத் தாண்டியதில்லை.

அவளுக்குச் சேலத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க வாரக்கணக்காக ஒத்திகை பார்த்திருந்தேன். அவளுடைய கடைசித் திங்கள். அந்த வளைவு வந்தது, வாயைத் திறந்தேன். சூரியன்தான் வந்தது.

"இங்க மேல போனாக் குளிருது. சூரியன்ல மேல போகப் போகத்தான் நொம்பச் சூடு. மேற்பரப்புல சில ஆயிரம் டிகிரி, மேல பத்து லட்சத்துக்கும் அதிகம்."

"அடுப்ப உட்டுத் தள்ளிப் போனா அனல் கொறையோணுமுங்களே?"

வாத்தியாருக்கு இது போதாதா! சூரியனிலிருந்து காந்தக் கோடுகள் விறைப்பாக மேலே நீண்டிருக்கின்றன, அடியில் கொதிக்கும் வாயு அவற்றை ஆட்டுகிறது, அந்த ஆட்டம் அலையாக ஏறி மேலே சிதைந்து சூடாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள் என்றேன். "அப்புறமுங்க?" என்றாளே தவிர, அவள் முகம் தெளியவில்லை. என் தலைக்கு மேல் கண்டக்டரின் மணிக்கயிறு.

"இதப் பாருங்க. கயிறு எங்கயும் போகாது, ஆட்டம் மட்டும் போகும்" என்று பிடித்து உதறினேன்.

ஆட்டம் போனது. டிரைவர் தலைமாட்டில் ஒற்றை மணி அடித்தது. ஒற்றை மணி என்றால் நிறுத்து. கொண்டை ஊசி வளைவில், நட்டநடு ஏற்றத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். யாருடைய பலாப்பழமோ உருண்டு பின்சீட்டுக்குப் போனது.

"ஏனுங்க, மணி அடிச்சது ஆருங்க?" என்று கண்டக்டர் கத்தினார்.

கயிற்றை விட்ட கையைப் பைக்குள் ஒளித்தேன். செலின் எழுந்தாள்.

"எங்க ஊட்டுக்காரருங்க. தெரியாமப் பண்ணிட்டாருங்க, உடுங்க."

அதன்பிறகு ஏற்காடு வரை எனக்கு வியர்த்து ஊற்றியது. என்னைக் காப்பாற்றச் சொன்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவள் திரும்பிப் பார்த்து, "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. அப்பா இருப்பாருங்க" என்றாள்.

இப்போது பஸ்ஸில் மணிக்கயிறு கிடையாது. செலினும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சூரியனைப் பற்றி எது வந்தாலும் இன்னமும் வாய்விட்டுத்தான் படிக்கிறேன். "அப்புறமுங்க?" என்று கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.