கம்பெனி மெக்கானிக் கொன்ற ஆர்கன்

எங்கள் பாட்டுக் குழுவின் எலக்ட்ரிக் ஆர்கனில் ஒரே ஒரு கட்டை ஊமை. இன்று காலை பெங்களூரிலிருந்து ஆர்கன் கம்பெனி மெக்கானிக் எங்கள் ஒத்திகை ஹாலுக்கு வந்து மூடியைத் திறந்தார்.

எங்கள் டிரம்மர் முனிசாமி சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு ஷிப்டுக்கு இறங்கிவிட்டான்.

மெக்கானிக் கழற்றினார், மாட்டினார். மதியத்துக்குள் மொத்த ஆர்கனும் ஊமை. பகல்தானே, ஹாலில் விளக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"என் கையாலதான் கெட்டுப்போச்சுங்க. கம்பெனியில புதுசு அனுப்பச் சொல்றேன்" என்றவர், அதை எழுதியும் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் மேலே வந்த முனிசாமி பாக்கெட்டிலிருந்து ஹாலின் ஃப்யூஸை எடுத்தான்.

"மிசின தொறந்தா ஃப்யூஸ் நம்ம பாக்கெட்லதான் இருக்கணும். கீழ அதான் ரூல். இன்னா இப்போ?"

மாட்டினோம். அந்த ஊமைக் கட்டை முதற்கொண்டு எல்லாம் பாடுகிறது.

புதுசு வேண்டாமென்று கம்பெனிக்கு யார் கடிதம் எழுதுவது? நல்லவர்கள் கை தூக்கலாம்.