துப்பாக்கிக் கட்டையில் ஒரு பூ

தொண்ணூறுகளின் நடுவில், அப்பா காலமான அடுத்த வருடம் நடந்தது இது. உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. அப்பாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பழைய ரைபிள் ஒன்று வீட்டில் இருந்தது. காட்டுப்பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுடுவார், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் அது லண்டனில் செய்தது என்று பெருமையாகச் சொல்வார். லைசென்ஸ் என் பெயருக்கு மாறியதும், அதைச் செய்தது யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்தது.

கோவையில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். குழல் சீமையில் செய்ததுதான், கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். தோளில் பதியும் மரக்கட்டை மட்டும் நம் மலையில் விளைந்த ஈட்டி மரமாம். பிற்பாடு யாரோ செய்து மாட்டியிருக்கிறார்கள். கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், சின்னதாக ஒரு பூ செதுக்கியிருந்தது.

பெரியப்பாவிடம் கேட்டேன். கட்டை உடைந்தபோது வால்பாறை எஸ்டேட் தச்சர் ஒருவர் புதிதாகச் செய்து கொடுத்ததாக ஞாபகம் என்றார். பூவைப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தொழிலாளர்களின் லைன் வீடுகளில் விசாரித்து விசாரித்து, அந்தத் தச்சரின் மகளிடம் போய்ச் சேர்ந்தேன். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்தார். அவர் அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. போட்டோவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா போட்ட பூவுதானுங்க. நான் படிச்ச சிலேட்டுச் சட்டத்துலகூடப் போட்டுக் குடுத்தாரு" என்றார். அந்தச் சிலேட்டு எப்போதோ உடைந்துவிட்டதாம். அவர் அப்பா செய்த கதவு, ஜன்னலெல்லாம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் அவர் போட்டோகூட இல்லை.

"அவரு கைபட்ட சாமான் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்லீங்க. அந்தக் கட்டைய ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமுங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியைக் கட்டிலில் வைத்தேன். இரும்புப் பக்கம் அவர் கை போகவே இல்லை. மரத்தை மட்டும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா கொடுத்த காபி ஆறிப்போனது.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனி இதை வெச்சு யாரு சுடப்போறா? கட்டையக் கழட்டி அந்த அம்மணிகிட்டயே குடுத்துப்போடு கண்ணு" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. அப்பா தோளில் சாய்த்த கட்டையல்லவா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லி, கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியின் இரும்புப் பாகத்தை முறைப்படி ஒப்படைத்தேன். கட்டையை வேட்டித் துணியில் சுற்றி வால்பாறைக்குக் கொண்டுபோனேன். அவர் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அப்பாவின் துப்பாக்கி எங்கே என்று யாராவது கேட்டால், அதைச் செய்தவர் வீட்டுக்கே போய்விட்டது என்றுதான் இன்றும் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது, எதையோ இழந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.