இரண்டாம் மொழி

ஏழாம் வகுப்பில் ஒரு தவணை நான் இரண்டாவதாக வந்தேன். தேர்ச்சி அறிக்கையை உம்மாவிடம் காட்டாமல் கிணற்றடியில் வைத்துக் கிழித்தேன். மற்றெல்லாத் தவணைகளிலும் கண்டக்குழிப் பள்ளிக்கூடத்தில் முதலிடம் எனக்குத்தான். கொப்பியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதுவேன். நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்த பிறகும் என் மேசையிலிருந்து ஒரு கடிதம்கூடப் பிழையோடு போனதில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், அரச ஊழியர்கள் இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தமிழ் பேசும் எங்களுக்கு அது சிங்களம். சனிக்கிழமைகளில் பாலாவியில் வகுப்பு. எங்கள் அலுவலகத்திலிருந்து போனவர்களில் சிற்றூழியரும் ஒருவர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். சண்டைக்காலத்தில் வன்னியிலிருந்து வந்தவர், இந்த வேலை கிடைக்கும்வரை உப்பளத்தில் சிங்கள ஆட்களோடு மூட்டை சுமந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தார். பின்வரிசையில் இருந்துகொண்டு வாயில் வந்ததைச் சிங்களத்தில் பேசுவார். பாதி பிழை. டீச்சர் சிரித்தபடி திருத்துவார், அவரும் சிரிப்பார். நான் முன்வரிசை. மனதுக்குள் வசனம் முழுதாக அமையும்வரை வாய் திறக்கமாட்டேன்.

எழுத்துப் பரீட்சை சுலபமாக முடிந்தது. வாய்மொழிப் பரீட்சையில் அலுவலர் கேட்ட முதல் கேள்வி, இன்றைக்கு எப்படி வந்தீர்கள் என்பதுதான். எழுத்துச் சிங்களத்தில் ‘வந்தேன்’ என்பது ஒரு மாதிரி, பேச்சில் வேறு மாதிரி. எதைச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்கும் அப்படியே ஆயிற்று.

பெறுபேறு வந்தபோது வாய்மொழியில் முதலாவதாக வந்திருந்தவர் அண்ணன். நான் சித்தியடையவில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். தலையிடி என்று சொல்லி மேசையை விட்டு எழும்பாமல் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவளிடம், “அவருக்குத் தன்ட பேரையே சிங்களத்துல ஒழுங்கா எழுதத் தெரியாது” என்றேன். நிமிர்ந்தபோது அண்ணன் தேநீர்த் தட்டோடு நின்றார். கோப்பையை என் முன் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கும் நான் விரும்புவதுபோல் சீனி குறைவாகவே போட்டிருந்தார். அதைக் குடித்து முடிக்க என்னால் முடியவில்லை.

அதன் பிறகு பல நாள் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

ஒருநாள் அவர் லீவு. சிலாபம் பக்கத்திலிருந்து மீன்பிடிக் காலத்துக்கு வந்து, எங்கள் கடற்கரையில் ஓலைக் குடிசை கட்டி வாடி அடித்திருந்த சிங்களக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். பிள்ளையின் பிறப்பை இன்னும் பதியவில்லை என்பது அவள் பேச்சிலிருந்து விளங்கியது. வழக்கமாக இப்படியானவர்களோடு அண்ணன்தான் கதைப்பார். வேறு வழியில்லாமல், பிள்ளை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். சிங்களத்தில் உயிருள்ளவை இருப்பதற்கு ஒரு சொல், பொருட்கள் இருப்பதற்கு இன்னொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் நான் பொருளுக்கு உரியதைச் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஒருகணம் பார்த்துவிட்டு, “அலுமாரியில வச்சுப் பூட்டிட்டு வந்தேன்” என்று சிங்களத்தில் சொன்னாள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். எனக்குக் காது வரை சுட்டது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் சிரிப்பில் ஏளனம் இருக்கவில்லை. சரியான சொல்லைச் சொல்லித் தந்துவிட்டு, பிள்ளை தங்கச்சியோடு வாடியில் இருப்பதாகச் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. விண்ணப்பத்தை நிரப்பி முடிப்பதற்குள் இன்னும் மூன்று பிழை விட்டேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஆனாலும் அவள் வந்த காரியம் முடிந்தது.

மறுநாள் அண்ணன் தேநீர் கொண்டுவந்தபோது, அன்றைக்கு நான் சொன்னதை அவர் கேட்டது தெரியும் என்றும், அப்படிச் சொன்னது தவறு என்றும் சொன்னேன்.

“அதை விடுங்கோ மிஸ்,” என்றார். “நான் எழுதுற சிங்களம் எனக்கே பிறகு விளங்கிறேல்லை.”

கோப்பையை என் முன் வைத்துவிட்டு, “ஆனா அண்டைக்கு நொந்தது. இல்லையெண்டு சொன்னா பொய்,” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

இரண்டாம் தடவை வாய்மொழிப் பரீட்சையில் நிறையப் பேசினேன், நிறையப் பிழையும் விட்டேன். சித்தியடைந்தேன். பாலாவியில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயரை மேலிருந்து தேடிக்கொண்டு வந்தேன். பதினோராவது இடத்தில் இருந்தது. பஸ் மாம்புரியைத் தாண்டும்வரை அந்த எண் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு பக்கத்தில் இருந்த பெண், கண்டக்குழிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சிங்களத்தில் கேட்டாள். பதில் சொன்னேன். அங்கே யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று நானும் கேட்டேன். இறங்கும்வரை கதைத்துக்கொண்டு வந்தோம்.