குலசாமி கோயிலுக்குப் போன தெரு

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. வடக்கே தெலுங்கு பேசும் வீடுகள், கண்மாய் ஓரம் மண்பாண்டம் செய்பவர்கள், கிழக்கே வேதக்கோயில் தெரு, மேற்கே நாங்கள். வேதக்கோயில் தெருக்காரர்கள் வேறு யாருமில்லை, எங்கள் பங்காளிகள்தாம். எங்களில் பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவர்களாகி, அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் சொந்தப் பெரியப்பாவும் அதில் ஒருவர்.

அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே அறை, அவர்கள் பிள்ளைகளுக்கே இடம் போதாது. பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கு அக்கா. சிலேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேண்டுமென்றே எங்கள் தெருவைச் சுற்றிப் போவாள் என்பது என் கட்சி. எனக்கு வயிறு பற்றி எரியும். அவளுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியபோது சந்தோஷப்பட்டேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை.

எங்கள் பக்கமும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அப்பா அதிகாரியிடம் போய்க் கேட்டார்.

"ஜனக்கணக்கு எடுக்கப்போறோம். உங்க தெருவுல எம்புட்டுப் பேருன்னு பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்றாராம் அவர்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலேயே எங்கள் தெருவில்தான் ஆள் அதிகம். கணக்கெடுப்பவர் பகலில் வந்து வீட்டுக்கு வீடு எழுதிக்கொண்டு, கதவில் காவியால் நம்பர் போட்டுவிட்டுப் போனார். கடைசி ராத்திரி திரும்ப வந்து சரிபார்ப்பேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த ராத்திரியில்தான் குலசாமிக்கு வருஷா வருஷம் எடுக்கும் மாசிக் களரித் திருவிழா வந்தது. தெரு முழுக்க வண்டி கட்டிக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் குலசாமி கோயிலுக்குக் கிளம்பியது. எனக்குக் காலில் முள் ஏறி வீங்கியிருந்ததால், பெரியப்பா வீட்டில் விட்டுப் போனார்கள்.

அரிக்கேன் விளக்கோடு கணக்கெடுப்பவர் அங்கே வந்தார். "மேலத்தெரு பூரா பூட்டிக் கிடக்கே, எங்க போயிட்டாவ?"

"சாமி கும்பிடப் போயிருக்காவ" என்றாள் பெரியம்மா. "இவ எங்க கொழுந்தன் மக."

"இன்னைக்கு ராத்திரி யாரு எங்க இருக்காவளோ அங்கதான் கணக்கு. அவியளப் போன ஊர்ல எழுதிக்கிடுவாவ. இந்தப் புள்ள உங்க வீட்டுல ஒண்ணு."

பக்கத்தில் படுத்திருந்த அக்கா போர்வைக்குள் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இப்ப நீயும் எங்க தெருதான்" என்று சிரித்தாள். கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன்.

பிறகு அப்பா போய்க் கேட்டபோது, உங்கள் தெருவில் ஆளே இல்லையே என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். வேதக்கோயில் தெருவில் நெரிசல் என்று சொல்லி அங்கேயே இன்னொரு அறை கட்டினார்கள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே என் தம்பியை அதில் சேர்த்தார். நானும் போவேன் என்று அழுதேன்.

"பொட்டப்புள்ள அந்தத் தெருவுக்குப் போயி என்ன செய்யப்போறே?" என்றார்.

புது அறை திறந்த அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த அறைக்காக எண்ணிய தலைகளில் என்னுடையதும் ஒன்று.