வாத்துக்கு வாங்கிய குருணை

கடலூரில் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தின் படிகளை விட்டு இறங்கி முதுநகர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிர்த் திசையில் இருந்தது. தெரிந்தேதான் நடந்தேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் கால்தான் கிளம்பும். ஆனால் இது பழைய கால் இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அது மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி நடந்தேன். ஆஸ்பத்திரியில் பழகியது.

அலுவலகத்தில் இருந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார வைத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பில்லு வச்சிருக்கீங்களா?"

"குடுக்கல சார்."

"மூட்டை மீதி ஏதாச்சும்?"

"ஆத்துல கொட்டிட்டோம்."

"வாத்துக்குன்னு வாங்குனத நீங்க ஏன் சாப்பிட்டீங்க?"

அவரே பேசினார். "நான் சும்மா போய் நின்னா நல்ல மூட்டையத்தான் பிரிச்சுக் காட்டுவாங்க. எது கெட்ட மூட்டைன்னு தெரிஞ்ச ஆளக் கூட்டியாங்க. அன்னிக்கே வரேன்."

என்னைப் போல் ஈரல் கெட்டுக் கிடப்பவர்களும் அவர்களுக்குக் கஞ்சி வைப்பவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பொறுத்துப் போகச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. செங்கல் சூளை, லாரி கிளீனர், பிச்சாவரத்தில் படகு என்று எதிலும் இரண்டு வருஷம் நின்றதில்லை. கடைசியாக வாத்து. என் மனைவி அஞ்சலையின் தம்பி ஏழுமலையும் நானும் சேர்ந்து மேய்த்தோம். அறுவடை முடிந்த வயல்களில் வாத்தை விட்டால் சிந்திய நெல்லைத் தின்று வளரும். வயல் தீர்ந்ததும் அடுத்த ஊர். எனக்கு ஏற்ற தொழில்.

மழைக்காலம் மட்டும் கஷ்டம். சம்பா பயிர் நிற்கும்போது வயலில் இறங்க முடியாது. வாங்கித்தான் போட வேண்டும். அந்த வருஷம் வீராணம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். காட்டுமன்னார்கோயிலில் ஒரு தீவனக் கடையில் குருணை, அதாவது நொய்யரிசி, எட்டு மூட்டை எடுத்தோம். மற்ற கடைகளைவிட விலை குறைவு. கடைக்காரன் மூட்டை வாயைப் பிரித்துக் கையில் அள்ளிக் காட்டினான். வெள்ளையாக இருந்தது.

கூடாரத்துக்கு வந்து மூட்டையின் நடுவில் கை விட்டபோது சூடாக இருந்தது. பச்சையும் மஞ்சளுமாகக் கட்டி கட்டியாக வந்தது. மழையில் நனைந்த பழைய சரக்கை உள்ளே போட்டு, நல்லதை மேலே பரப்பித் தைத்திருந்தான். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். திருப்பிக் கொடுக்க வழியில்லை. கட்டிகளை உடைத்து, வாய்க்கால் தண்ணீரில் அலசி, வெயில் அடித்த நேரத்தில் காயவைத்தோம். வாசம் போய்விட்டது. வாசத்தோடு எல்லாம் போய்விட்டது என்று நினைத்தோம். வீட்டரிசி தீர்ந்த பிறகு, அதிலேயே பார்க்க நன்றாக இருந்ததைப் புடைத்தெடுத்து நாங்களும் பொங்கித் தின்றோம்.

முதலில் குஞ்சுகள் இரை எடுக்காமல் நின்றன. பிறகு நடை தள்ளாடியது. ஏழுமலை சிரித்தான். "என்னா மாமா, நான் குடிச்சா வாத்துக்கு ஏறுது."

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பான். நான் தொட்டதில்லை.

மறுநாள் குஞ்சுகளின் காலும் பாதமும் கருநீலமாக மாறின. கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு செத்தன. முந்நூறு குஞ்சும் ஒரு வாரத்தில் போயின. பெரிய வாத்துகளில் பாதி போயிற்று. நின்றுகொண்டிருந்ததைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் வந்த விலைக்கு விற்றோம். எங்களிடம் வாங்கித் தின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கடைக்காரனைப் பற்றி எழுதும் இடத்தில் இதையும் எழுதத்தான் வேண்டும்.

என் உடம்பில் முதல் அறிகுறி சிறுநீர். டிக்காஷன் நிறத்தில் போயிற்று. பிறகு வாந்தி, வலது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டியது போல் ஒரு கனம். ஏழுமலைக்கும் அப்படியே. கண் மஞ்சளானதும் பக்கத்து ஊரில் ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். எண்ணெய் கூடாது, புளி கூடாது, கஞ்சி மட்டும் குடியுங்கள் என்று பத்தியம் சொன்னார்.

சேதி கேட்டு ஊரிலிருந்து வந்த அஞ்சலை அந்தக் குருணையைத்தான் முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். ஏழு தண்ணீர் கழுவினாள். குழைய வேகவைத்து மூன்று வேளையும் கொடுத்தாள். நாங்கள் மோசமாக ஆக ஆக, இன்னும் கவனமாகக் கொடுத்தாள்.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எனக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பிலிருபின் (ஈரல் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தேங்கி உடம்பை மஞ்சளாக்கும் பொருள்) பல மடங்கு ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். டாக்டரம்மா முதலில் கேட்டது, "குடிப்பீங்களா?"

"இல்லங்க."

எதிர்க் கட்டில்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரரும் இததான் சொன்னாரு."

ஏழுமலை மறைக்கவில்லை. "ஞாயித்துக்கிழம மட்டும் மேடம். மத்த நாள்ல வாத்து மேய்க்கணும்ல."

ஈரல் கெட்டவனிடம் உலகம் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். ஆம் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் அடுத்த கேள்வி வராது. இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

டாக்டரம்மா மட்டும் என்னை நம்பினார். மஞ்சள் காமாலை உண்டாக்கும் வைரஸ்களுக்கான சோதனை எல்லாம் எனக்கு இல்லை என்று வந்திருந்தது. நான்காம் நாள் காலை ரவுண்ட்ஸில் என் கட்டிலருகே நின்று, நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"வாத்து மேய்க்கறீங்கன்னாரே உங்க மச்சான். வாத்தெல்லாம் நல்லா இருக்கா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "செத்துப்போச்சுங்க."

"எத்தன?"

"குஞ்சு முந்நூறு. பெருசுல பாதி."

"என்ன தின்னுச்சு?"

"குருணை."

"நீங்க என்ன சாப்பிடறீங்க?"

அஞ்சலைக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கும். கட்டிலுக்குக் கீழேயிருந்து தூக்குவாளியை எடுத்து மூடியைத் திறந்தாள். "கஞ்சிதாங்க. வேற எதுவும் வாயில வைக்க உடறதில்ல. அதே குருணைதான், நல்லா பொறுக்கி எடுத்து…"

டாக்டரம்மா மூடியை வாங்கித் தூக்கை மூடினார். பிறகு அஞ்சலையின் தோளில் கை வைத்து, "இத இனிமே குடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அஃப்ளாடாக்சின் (நனைந்த தானியத்திலும் கடலையிலும் பிண்ணாக்கிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் கக்கும் நஞ்சு) என்று அதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரிவது பூஞ்சணம். கழுவினால் அதுதான் போகும். நஞ்சு தானியத்துக்குள் தங்கிவிடும். சோறு வேகும் சூட்டில் அது அழியாது. வாத்துக்குஞ்சு அதைத் தாங்காது. மனிதன் சில நாள் கூடத் தாங்குவான். முறிமருந்து கிடையாது. உள்ளே போவதை நிறுத்திவிட்டு, ஈரல் பிழைக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். இதெல்லாம் டாக்டரம்மா எனக்குப் புரியும்படி இரண்டு தடவை சொன்னது.

ஏழுமலைக்கு அதற்குள் மூளைக்கு ஏறிவிட்டது (ஈரல் கழிக்க வேண்டிய நச்சு ரத்தத்தில் கலந்து புத்தி தடுமாறும் நிலை). வார்டை ஏரிக்கரை என்று நினைத்தான். கையை நீட்டி வாத்து ஓட்டினான். "மாமா, அந்தப் பக்கம் மறிங்க, மறிங்க" என்றான். நானும் கட்டிலில் கிடந்தபடியே கையை நீட்டி மறித்தேன். கஞ்சியை நிறுத்திய மூன்றாம் நாள் செத்தான். இருபத்தாறு வயது.

குடித்துச் செத்தான் என்று ஊர் சொன்னது. அவன் வாயால் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் சாட்சி.

கஞ்சி விஷம் என்று தெரிந்த அன்று சாயங்காலமே அஞ்சலை கூடாரத்துக்குப் போய், மிச்சமிருந்த ஒன்றரை மூட்டையை ஆற்றில் கொட்டிவிட்டுச் சாக்கையும் கொளுத்தியிருந்தாள். "கண்ணுல பாக்க முடியல" என்றாள். மறுநாள் டாக்டரம்மா, "ஒரு பிடி கொண்டாங்க, சோதிக்கலாம்" என்றபோது கொடுக்க எதுவும் இல்லை. தானியம் இல்லாமல் இன்னதுதான் காரணம் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார். எழுத முடிந்ததை மட்டும் எழுதிக் கையில் கொடுத்தார். இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கெட்ட தானியத்தை எறிவதற்கு முன் ஒரு பிடியை உலர்த்திக் காகிதப் பையில் கட்டி வையுங்கள். சாக்கையும் வையுங்கள். ஆடோ மாடோ கோழியோ செத்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தம்பி காரியம் முடிந்த பிறகு அஞ்சலை அந்தக் கடைக்குப் போய்க் கேட்டாள். நாலு பேர் முன்னால் சொன்னானாம்: "குடிச்சிட்டு செத்தவனுக்கு என் கட மேல பழியா? போம்மா."

அவள் வந்து சொன்னபோது எனக்கு எழுந்து உட்காரக்கூட ஆள் வேண்டும். ஆனால் அன்று இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன். பிழைக்க ஒரு காரணம் கிடைத்தால் பசி எடுக்கிறது. சிலருக்குக் குழந்தை, சிலருக்குச் சாமி. எனக்கு அவன் முகம். உப்பில்லாத சாப்பாட்டையும், நீர் பிரிய மாத்திரையையும், வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்ததையும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்தேன்.

எட்டு மாதம் ஆயிற்று. ஈரல் மெல்ல வளர்ந்து வருவதாக ஸ்கேனில் சொன்னார்கள். வெளியே நான் பாதியாகிவிட்டேன். தாடி போயிற்று, முடி கொட்டியது, தோல் கறுத்தது. என் பழைய சட்டைக்குள் இன்னொருவனையும் போடலாம். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு கிழவர் எனக்கு வழிவிட்டு நிற்பது போல இருக்கும்.

அதிகாரியைப் பார்த்த அன்று கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து, டவுன் பஸ் மாறிக் காட்டுமன்னார்கோயிலில் இறங்கியபோது சாயங்காலம். பையில் புல்லறுக்கும் அரிவாள் இருந்தது. எதற்கு எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள்.

கடை வாசலில் போய் நின்றேன். கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கடையில் நான் ஆறேழு தடவை சரக்கு எடுத்திருக்கிறேன். அவன் கண்ணில் ஒன்றும் அசையவில்லை.

"என்னா, வேலைக்கா? தூக்குற ஆள் மாதிரி தெரியலியே. மூட்டை தைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"முன்ன எங்க இருந்த?"

"வாத்து மேச்சேன்."

"வாத்தா! அதுல எவன் உருப்பட்டான். போன மழைக்கு எங்கிட்ட சரக்கு எடுத்த ரெண்டு பேரு, குடிச்சே அழிஞ்சானுங்க." என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ குடிப்பியா?"

"இல்ல மொதலாளி."

"ஆறு மணிக்கு வா."

அரிவாளை எடுக்க ஒரு நொடி போதும். பழைய உடம்பாக இருந்திருந்தால் எடுத்திருப்பேன். இந்த உடம்பு எதற்கும் காத்திருந்து பழகிவிட்டது. மாத்திரைக்கு, சிறுநீருக்கு, கணுக்கால் குழி நிரம்புவதற்கு. அவன் மேல் விழுந்தால் எனக்கு ஜெயில், அவனுக்கு மாலை, ஏழுமலைக்கு அதே ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன்.

காலையில் ஆறு மணிக்குப் போனேன். கிடங்கில் இரண்டு குவியல் இருந்தது. ஒன்று வெள்ளை. இன்னொன்று மூலையில், தார்ப்பாயின் கீழே. வாசம் வாசலிலேயே அடித்தது. துண்டை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"அடியில ஒரு கூடை வெள்ள, நடுவுல ரெண்டு கூடை மூலையில கெடக்கறது, மேல ஒரு கூடை வெள்ள" என்றான் மேஸ்திரி. "புரியுதா? எல்லா மூட்டையும் அப்புடி இல்ல. உள்ளூருக்குப் போறது சுத்தமா இருக்கணும். வெளியூருக்குத்தான் இது. லாரி வியாழக்கிழம."

அன்று செவ்வாய். கடலூர் அதிகாரியை வரவழைக்க நடுவில் ஒரு நாள் இருந்தது.

சணல் ஊசியைக் கையில் கொடுத்தான். நல்ல மூட்டைக்கு எட்டுத் தையல் போட்டேன். மூலைச் சரக்கு போன மூட்டைக்கு ஒன்பது. பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணுகிறவனுக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தான். நான் தைத்து அடுக்கியதில் ஒன்றை இழுத்துப் பார்த்தான். வாய் பிரியவில்லை.

"மெதுவாத்தான் தைக்கற. ஆனா கெட்டியா தைக்கற" என்றான். "நின்னு வேல செய், போயிடாத."

"போவல மொதலாளி" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை இழுத்தேன். அதற்கு ஒன்பது.