பெரியதை முதலில் பிடித்தவர்

நொச்சிக்குப்பத்தில் பிறந்து கடலுக்குப் பயந்த ஒரே ஆண்பிள்ளை லூர்துசாமிதான் என்று மச்சான்மார் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கண்ணெதிரே தம்பியை அலை வாரிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். அன்றைக்கே கட்டுமரத்தை விட்டு இறங்கி, அடையாற்றில் வக்கீல் மாணிக்கவாசகம் பங்களாவில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த வேலை போனால் மறுபடி கடல்தான். வேறு தொழில் தெரியாது.

1946 மே மாதம் அந்த வேலைக்கே உலை வைக்க வந்தது ஒரு பூச்சி.

வக்கீல் கோடைக்குக் கொடைக்கானல் கிளம்பும்போது, மாமரத்து நிழலில் தொங்கிய மூன்று ஆர்க்கிட் பூச்செடித் தொட்டிகளைக் காட்டி, "லூர்து, எங்க வீட்டம்மா ஏற்காட்டிலேருந்து கொண்டாந்து வச்சது. அவ கண்ண மூடினப்புறம் எனக்கு மிச்சம் இதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் இலைக்கணுக்களில் மாவு தூவினாற்போல் வெள்ளைப் பூச்சி. பெரும்பாலும் கடுகளவு. நடுநடுவே பஞ்சுத் துணுக்குப் போலச் சடைசடையாகச் சில பெரியவை. இவைதான் தாய், இவைதான் குட்டி போட்டுப் பெருக்குகின்றன என்று லூர்துசாமி தீர்மானித்தார். பெரிய மீனை விட்டுவிட்டுப் பொடிக்கு வலை வீசுகிற குப்பத்துக்காரன் உண்டா? தினமும் விடிந்ததும் ஈர்க்குச்சியால் பெரியவற்றைத் தேடித் தேடி எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார். பொடிசுகளுக்குப் புகையிலைத் தண்ணீர் அடிக்கலாம் என்றால், இலை கருகிவிடுமோ என்று பயம்.

அவர் எடுக்க எடுக்கப் பூச்சி பெருகியது. இலைகள் பிசுபிசுத்து மஞ்சளாயின. சோறு இறங்கவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்த் தொட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"துன்னாம கொள்ளாம இன்னாத்துக்கு அந்தத் தொட்டியவே மொறச்சிக்கினு கீற?" என்றாள் மனைவி அந்தோணியம்மாள். "வேல போனா போவட்டும். எங்கண்ணன் கட்டுமரத்துல ஒரு ஆளு கொறையுது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கட்டுமரம் என்று காதில் விழுந்ததும் அவர் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி தொட்டிகளிடம் ஓடினார்.

மறுநாள் வருவதாக வக்கீலின் கார்டு வந்தது. லூர்துசாமி ஒரு காலி எண்ணெய்ப் பாட்டிலில் பெரிய பூச்சி ஒன்றையும் பொடிசு இருபதையும் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தார். காலையில் அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் மருந்துக்கடை கம்பவுண்டர் அகஸ்டினிடம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"இதுக்கு ஒரு மருந்து குடு அகஸ்டின். பெருசு ஒண்ணு, பொடிசு இருபது கீது, பாரு."

அகஸ்டின் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். "இன்னாண்ணே, ஒண்ணுதானே கீது? மீதியெல்லாம் வெறும் தோலு. இது துன்னுட்டுதே!"

பெரியவை தாயில்லை, பொடிசுகளைத் தின்ன வந்தவை என்று லூர்துசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. காவலுக்கு வந்த கூட்டத்தையல்லவா இத்தனை நாளும் தம் கையாலேயே மூழ்கடித்திருக்கிறார்! திரும்பி ஓடிவந்து தொட்டிகளைப் புரட்டினார். பெரியது மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. அவ்வளவு நன்றாக வேலை பார்த்திருந்தார். பாட்டிலில் இருந்த ஒன்றோடு சேர்க்க, பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் தேடி எட்டைக் கண்டுபிடித்தார். அவற்றை ஒவ்வொன்றாக ஆர்க்கிட்டில் விட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"லூர்து! பூச்சியை எடுத்துச் செடியில விடறியா?" என்று கத்தினார் ஊரிலிருந்து வந்து இறங்கிய வக்கீல்.

இது எங்கிருந்தோ வந்த நோய், என்னால் ஆனதில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இதுங்கதான் அதுங்கள துன்னுதுங்க ஐயா. இன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சி. தெரியாம இத்தினி நாளா எல்லாத்தையும் நானே கொன்னுட்டேன். செடி போச்சுன்னா என்னாலதான்."

வக்கீல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பஞ்சுப் பூச்சி ஒன்று மெல்ல ஊர்ந்து, ஒரு பொடிசைக் கவ்வியது. அது தின்று முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது பத்தாதே," என்றார் கடைசியில். "போய் இன்னும் தேடிக் கொண்டா. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

லூர்துசாமி செம்பருத்திக் கிளையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே பூச்சி தேடினார்.